பில்லில் வராத கட்டணம்

மும்பைத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்



மாட்டுங்கா, செம்பூர், தாராவி வட்டாரங்களில் தமிழ்ச் சங்கம், சபா, கோயில் அறக்கட்டளை, பள்ளிக் குழு, சொசைட்டி கமிட்டி என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கும் உங்களுக்கு இந்த மடல். பொங்கல் விழா, பட்டிமன்றம், கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம் என்று உங்கள் ஆண்டு நிகழ்ச்சிகள் நிறைந்தே இருக்கும். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கும்படி கேட்கவே எழுதுகிறேன். நிலக்கரியும் பெட்ரோலிய எண்ணெயும் மலிவான எரிபொருள்கள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். மின்சார பில்லையும் பெட்ரோல் பங்க்கில் கொடுக்கும் பணத்தையும் மட்டும் கணக்கில் எடுத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவற்றின் விலையில் ஒரு பகுதி பில்லில் ஏறுவதே இல்லை. மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே, மாஹுல், வாஷி நாக்கா, கோவண்டி என்று நீளும் பகுதியில் குடியிருப்பவர்கள் அந்தத் தொகையைத் தங்கள் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நம்மவர்களும் இருக்கிறார்கள். மாட்டுங்காவில் ஏ.சி. ஓடுவதும் செம்பூரில் நெஞ்சு கரிப்பதும் தாராவிக்காரர் எங்கே குடியமர்த்தப்படுவார் என்பதும் தனித்தனிச் செய்திகள் அல்ல, ஒரே கணக்கின் மூன்று பத்திகள் என்பதே இந்த மடலின் வாதம்.

முதலில் வரலாறு. பம்பாய்க்குப் பெரிய அளவில் மின்சாரம் வந்தது நிலக்கரியால் அல்ல. 1915-இல் டாடா நிறுவனம் கொபோலியில் தொடங்கிய நீர்மின் நிலையம்தான் இந்நகரத்து நூற்பாலைகளை ஓட்டியது. 1922-இல் பிவ்புரியும் 1927-இல் பீராவும் சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை நீரால் இயங்கிய நகரம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் டிராம்பேயை எரிபொருள் முனையாக மாற்றியது. 1954-இல் எஸ்ஸோவின் முன்னோடியான ஸ்டான்வாக்கும், 1955-இல் பர்மா ஷெல்லும் அங்கே சுத்திகரிப்பு ஆலைகளைத் திறந்தன. இன்று அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. 1956-இல் டாடாவின் அனல் மின் நிலையமும் 1965-இல் உரத் தொழிற்சாலையும் வந்தன. இவற்றோடு வேலை வந்தது, வேலையோடு தமிழர்களும் வந்தார்கள். செம்பூரின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் படிப்புக்கும் சொந்த வீட்டுக்கும் பின்னால் இந்த ஆலைகளின் சம்பளம் இருக்கிறது. அந்தக் கடனை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் நன்றிக்கடன் இருப்பதால் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது என்று ஆகிவிடாது.

அந்தக் கணக்கில் மாஹுலின் பக்கம் மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளையும் ரசாயனச் சேமிப்புத் தொட்டிகளையும் ஒட்டி மாஹுல், அம்பாபாடா என்ற பழைய ஊர்கள் உள்ளன. ஒரு தொட்டியில் எண்ணெயையோ ரசாயனத்தையோ நிரப்பும்போது, உள்ளே இருந்த ஆவியை ஏறிவரும் திரவம் வெளியே தள்ளுகிறது. லாரியில் ஏற்றும்போதும் கப்பலிலிருந்து இறக்கும்போதும் இதுவே நடக்கிறது. அந்த ஆவியில் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற கரிமச் சேர்மங்கள் கலந்திருக்கும். பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உலக அளவில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. வெளியேறும் ஆவியைப் பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்பும் கருவிகள் சந்தையில் உண்டு. அவற்றை எல்லா இடத்திலும் பொருத்துவதற்கு ஆகும் செலவுதான் தடை. கே.இ.எம். மருத்துவமனை இப்பகுதி மக்களிடம் நடத்திய ஆய்வில், 67.1 விழுக்காட்டினர் மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத் திணறல் வருவதாகச் சொன்னார்கள். 84.5 விழுக்காட்டினர் நெஞ்சடைப்பு உணர்வையும் 86.6 விழுக்காட்டினர் கண் எரிச்சலையும் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. 2020 ஆகஸ்டில் அதே தீர்ப்பாயம் சேமிப்புத் தொட்டி நிறுவனமான ஏஜிஸ் லாஜிஸ்டிக்ஸ் மீது 142 கோடி, இந்துஸ்தான் பெட்ரோலியம் மீது 76.5 கோடி, பாரத் பெட்ரோலியம் மீது 67.5 கோடி ரூபாய் என்று இழப்பீடு விதித்தது. பில்லில் ஏறாத கட்டணத்துக்கு ஒரு தொகை போட்டுப் பார்த்த அரிய ஆவணம் அந்த உத்தரவு.

தீர்ப்பாயத்தின் கணக்கு வேண்டாம், சந்தையின் கணக்கையே பார்ப்போம் என்பவர்களுக்கும் மாஹுல் பதில் வைத்திருக்கிறது. சாலை, குடிநீர்க் குழாய் போன்ற திட்டங்களுக்காக அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கென்று அங்கே 72 கட்டடங்களில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையோரத்திலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டுப் போராடினார்கள். 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம், யாரையும் மாஹுலுக்குப் போகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், போக விரும்பாதவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்றும் சொன்னது. ஏராளமான வீடுகள் பூட்டியே கிடந்தன. 2025-இல் மாநகராட்சி தன் கடைநிலை ஊழியர்களுக்கு அவற்றை 12.60 லட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தது. மும்பையில் அந்தப் பணத்துக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைப்பதே அபூர்வம். அப்படியிருந்தும் வாங்க வந்தவர்கள் மிகச் சிலரே. வாடகைக்குத் தவிக்கும் நகரத்தில், சொந்த வீடு என்றதும் ஓடிவரும் மக்கள், அந்த விலைக்கும் மறுக்கிறார்கள் என்றால் அங்குள்ள காற்றின் விலையை அவர்கள் சரியாகவே மதிப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அடுத்தது மின்சாரம். டிராம்பேயின் நிலக்கரி அலகுகள் இரண்டு. 500 மெகாவாட் அலகு 1984-இல் தொடங்கியது. 250 மெகாவாட் அலகு 2009-இல் வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புகையிலிருக்கும் கந்தகத்தைக் கடல்நீரால் கழுவும் கருவி டிராம்பேயில் உண்டு. இந்தியாவின் பெரும்பாலான நிலையங்களில் அதுவும் கிடையாது. ஆனாலும் கந்தகத்தைக் கழுவிய பின்னும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகளும் கரியமில வாயுவும் மிஞ்சுகின்றன. நாற்பது வயதைக் கடந்த அலகு, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் நெருங்கி வாழும் நகரத்துக்குள்ளேயே இன்னும் எரிகிறது. மூடும் நாள் நெருங்கும்போதெல்லாம் மின்தேவை பெருகிவிட்டது என்று ஆயுள் நீட்டிக்கப்படுகிறது. இதே அரசு இயந்திரம் சின்ன மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மும்பையின் விறகடுப்பு, கரியடுப்பு பேக்கரிகளுக்கு, வேறு எரிபொருளுக்கு மாற ஆறு மாதம் கெடு விதித்தது. மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. பாவ் சுடுகிறவர் ஆறு மாதத்தில் மாற வேண்டும். நாட்டின் அனல் மின் நிலையங்களுக்கோ 2015-இல் வகுத்த கந்தக விதிக்கு 2017 வரை என்று கெடு வைத்து, அதைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பேக்கரிப் புகை கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புகைபோக்கி உயர உயர விதி இளகுவது நியாயமா என்ற கேள்வியைக் கேட்காமல் விட முடியாது.

இனி, இந்த வாதத்துக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள். முதலாவது, மும்பைக் காற்றைக் கெடுப்பது கட்டுமானத் தூசியும் வாகனங்களும்தானே என்பது. தூசிக்குப் பெரிய பங்கு உண்டு, மெய்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் அடியாழம் வரை இறங்கி ரத்தத்தில் கலப்பது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள். அதில் பெரும்பங்கு எரிதலிலிருந்து வருவது. புகைபோக்கியிலிருந்து வாயுவாகப் போகும் கந்தகமும் நைட்ரஜனும் காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து நுண்துகளாகின்றன என்பதால் அதன் தடம் கண்ணில் படுவதில்லை. வாகனங்களைக் குற்றம் சொன்னாலோ, அவற்றில் எரிவதும் டிராம்பேயில் சுத்திகரித்த அதே எண்ணெய்தானே? பென்சீனுக்கும் தூசிக்கும் சம்பந்தமே இல்லை. காற்று மாசால் 2019-இல் இந்தியாவில் 16.7 லட்சம் பேர் இறந்ததாகவும், அதனால் ஏற்பட்ட பொருளாதார இழப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.36 விழுக்காடு என்றும் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. வீட்டு அடுப்புப் புகை உட்பட எல்லா மாசும் அதில் அடக்கம். இருந்தாலும் இதைப் பொருளாதாரத்துக்கும் உடல்நலத்துக்கும் நடுவே நடக்கும் சண்டையாகப் பார்ப்பது பிழை என்பதை அந்த எண் காட்டுகிறது. நோயாளியான தொழிலாளியின் லீவும் மருந்துச் சீட்டும் பொருளாதாரத்துக்குள்தான் இருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு கனமானது. நிலக்கரியை நிறுத்தினால் நகரம் இருளாதா, பில் ஏறாதா? 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மும்பை முழுவதும் மின்சாரம் போய் லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அன்று நகருக்குள் அனல் நிலையம் இருக்கத்தான் செய்தது. இருந்தும் காப்பாற்றவில்லை. உண்மையான குறை, வெளியிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் பாதைகள் போதாமல் இருந்ததுதான். அந்தப் பாடத்துக்குப் பிறகு கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் பாதை 2023-இல் இயங்கத் தொடங்கியது. குடூஸ்–ஆரே நேர்மின் பாதைக்கும் திட்டம் வகுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 மெகாவாட்டைக் கொண்டுவரும் அளவு கொண்டது. டிராம்பேயின் நிலக்கரி மின்சாரம் 750 மெகாவாட். மும்பைக்கு மின்சாரம் தரும் தஹாணு நிலக்கரி நிலையத்தின் 500-ஐச் சேர்த்தாலும் 1,250. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இரண்டு பாதைகளும் இயங்கும்போது மாற்று வழி இருக்கிறது. அவசரத்துக்கு என்று நகருக்குள் வைத்துக்கொள்ள இயற்கை எரிவாயு அலகும், பீராவில் நீரை மேலேற்றி மின்சாரத்தைச் சேமிக்கும் 150 மெகாவாட் ஏற்பாடும் ஏற்கெனவே உள்ளன.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கம்பி நீண்டுவிட்டால் மட்டும் காற்று சுத்தமாகிவிடாது. அந்தக் கம்பியில் விதர்பாவிலுள்ள சந்திரபூரின் நிலக்கரி மின்சாரம் வருமானால், நம் புகையை விதர்பாக்காரர் தலையில் கட்டியதாகவே முடியும். ஆகவே பாதையோடு சேர்த்து, என்ன மின்சாரம் வாங்குகிறார்கள் என்ற ஒப்பந்தத்தையும் கேட்க வேண்டும். அது நடக்காத காரியமும் இல்லை. அதானி எலக்ட்ரிசிட்டி மும்பையில் விநியோகிக்கும் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க பங்கு 2021-இல் சுமார் 3 விழுக்காடு. ராஜஸ்தானின் சூரிய, காற்று மின்சாரம் வந்த பின் 2023-க்குள் அது 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. பில்லைப் பொறுத்தவரை, இறக்குமதி நிலக்கரிதான் நம்ப முடியாத சரக்கு. 2022 ஜனவரியில் இந்தோனேசியா திடீரென்று நிலக்கரி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதமே உக்ரைன் போர் தொடங்கி உலகச் சந்தையில் விலை எகிறியது. அத்தகைய ஏற்றமெல்லாம் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்ற பெயரில் நம் பில்லுக்கு வந்துசேரும். சூரிய ஒளி ஏலங்களிலோ கடந்த சில ஆண்டுகளாக யூனிட்டுக்கு இரண்டரை ரூபாயை ஒட்டியே விலை கேட்கப்படுகிறது, அதுவும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மாறாமல். இரவுக்குச் சேமிக்கும் செலவைச் சேர்த்தால் அந்த விலை கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது முன்கூட்டியே தெரிந்த விலை. கச்சா எண்ணெயில் ஏறக்குறைய 88 விழுக்காட்டை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, விலை தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி.

மூன்றாவது மறுப்பு: அமெரிக்காக்காரன் எரித்ததற்கு நாம் ஏன் பரிகாரம் செய்ய வேண்டும்? நாடுகளுக்கிடையே இது முழுக்க நியாயமான கேள்வி. மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்ட மும்பை பருவநிலைச் செயல்திட்டமே, 2019-இல் நகரத்தின் மொத்த வெளியீடு சுமார் 2.34 கோடி டன், ஆளுக்கு 1.8 டன் மட்டுமே என்று கணக்கிட்டது. ஆனால் அதில் 72 விழுக்காடு மின்சாரம் உள்ளிட்ட எரிசக்தியிலிருந்து வருவது என்றும் அதே கணக்கு சொல்கிறது. இந்த நீதியைக் கோபன்ஹேகன், பாரிஸ் பருவநிலை மாநாடுகளில் கேட்பவர்கள் நகரத்துக்குள்ளேயும் கேட்க வேண்டாமா? 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. 2021 ஜூலையில் கனமழையில் செம்பூர் பாரத் நகரில் மதில் சரிந்து 19 பேர் இறந்தார்கள். ஒரு தனி மழைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஆனால் அரபிக்கடல் சூடேறுவதால் மேற்குக் கரையில் இத்தகைய பெருமழைகள் கூடுகின்றன என்பதை வானிலை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெயிலிலும் அதே பாரபட்சம்தான். செயற்கைக்கோள் வெப்பப் படங்களில் தாராவியின் தகரக் கூரைகள், மரநிழல் கொண்ட பக்கத்து மாட்டுங்காவைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடுகின்றன. நடுவே இருப்பது ஒரு ரயில் பாதை. குறைவாக எரிப்பவர் அதிகமாகத் தாங்குகிறார் என்பது அமெரிக்காவுக்கும் நமக்கும் மட்டுமல்ல, மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் கூடப் பொருந்துகிற உண்மை.

தாராவியின் பெயர் வந்துவிட்டதால் இதைச் சொல்லியாக வேண்டும். மும்பையில் ஏழைகளின் குடிபெயர்ப்பு பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நடந்திருக்கிறது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த ஏராளமான தமிழர்கள் டிராம்பேயின் சதுப்பு ஓரமான சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அதை எதிர்த்து நின்ற கோலார் தங்கவயல் தமிழர் ஜோக்கின் அற்புதம்தான் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை உருவாக்கி 2000-இல் மகசேசே விருது பெற்றார். இன்று தாராவி மறுசீரமைப்பில் 2000-ஆம் ஆண்டுக்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களும் மேல்மாடிக்காரர்களும் தாராவிக்கு வெளியே அனுப்பப்பட இருக்கிறார்கள். அதற்காக ஒதுக்கிய நிலங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேடு. 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்படும் இடம் அது. 2016-இல் பற்றிய தீயின் புகை செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. மாஹுலும் டிராம்பேயும் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். எரிபொருள் ஆலைகளால் மலிவான நிலம், மலிவான நிலத்தில் ஏழைகளின் வீடு, ஏழைகளின் வீடு என்பதால் ஆலைகளைக் கண்டிக்க ஆளில்லாமை என்று இந்தச் சுழல் தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. மாஹுலில் நீதிமன்றம் தடுத்ததைத் தேவ்னாரில் வேறு பெயரில் நடத்த நாம் விடலாகாது.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல். சுத்திகரிப்பு ஆலைகளை நாளையே பூட்டு என்று இந்த மடல் கேட்கவில்லை. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் நகரம் அப்படிக் கேட்பது பாசாங்கு. ஆவியைப் பிடிக்கும் கருவியைப் பொருத்துவதால் ஒருவர் வேலையும் போகாது, பராமரிப்புக்குச் சிலர் கூடுதலாகவே வேண்டியிருக்கும். நிலக்கரி அலகுகள் மூடப்படும் தேதி இன்றே தெரிந்தால், அங்கே பணிபுரிபவர்களைப் பாதைப் பராமரிப்புக்கும் சேமிப்பு நிலையங்களுக்கும் பயிற்சி கொடுத்து மாற்ற அவகாசம் கிடைக்கும். தேதியே சொல்லாமல் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பதுதான் தொழிலாளியை ஒருநாள் திடீரென்று தெருவில் நிறுத்தும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண மனுக்களையும் மின்கொள்முதல் ஒப்பந்தங்களையும் விசாரிக்கும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கே உங்கள் சங்கங்கள் கூட்டாக ஒரு மனு கொடுங்கள். டிராம்பேயின் நிலக்கரி அலகுகள் நிற்கும் தேதியையும், அந்த இடத்தை நிரப்பும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மாஹுலின் பென்சீன் அளவு மணிக்கு மணி பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்றும், இழப்பீட்டுத் தொகை அப்பகுதி மக்களின் மருத்துவத்துக்கே செலவாக வேண்டும் என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கோருங்கள். நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் ஒன்றையாவது வாஷி நாக்காவிலோ சீத்தா கேம்ப்பிலோ மூச்சுத்திறன் பரிசோதனையோடு நடத்தி, முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தாராவியிலிருந்து ஒரு குடும்பமும் காற்றுத் தரச் சான்று இல்லாத இடத்துக்கு அனுப்பப்படக் கூடாது என்ற தீர்மானத்தை மாட்டுங்காவும் செம்பூரும் சேர்ந்து நிறைவேற்றட்டும். உங்கள் சொசைட்டிகளில் லிஃப்ட்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் ஆகும் மின்சாரத்துக்கு மொட்டைமாடிச் சூரியத் தகடு போட, 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது, 500 கிலோவாட் வரை. மாடியில் இடமில்லை என்றால், யூனிட்டுக்குச் சில பைசா கூடுதலாகக் கொடுத்துப் பசுமை மின்சாரம் கேட்கும் வழியும் இருக்கிறது.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி தேவை. அந்த வரியைச் சேர்க்கும்படி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர்